பழைய படங்களின் ப்ளூரே: கிரெய்ன் இருந்தால் குறையா, துடைத்தால் குறையா?

படச்சுருள்:
பழைய படத்தின் டிஸ்க் எது வந்தாலும் "படம் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கு, காசு தண்டம்" என்று ஒரு மதிப்புரை வந்துவிடுகிறது. அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் கிரெய்ன், அவைதான் படம். பிலிமில் ஒளியை வாங்குவது வெள்ளி உப்புத் துகள்கள். கலர் பிலிமைக் கழுவும்போது வெள்ளி போய், அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். முகம், மரம், வானம் எல்லாம் அந்தத் திட்டுகளால் ஆனவை. அவற்றுக்குப் பின்னால் வேறொரு "சுத்தமான" படம் ஒளிந்திருக்கவில்லை.

துடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு "ப்ரிடேட்டர்" (1987) போதும். 2008-ல் வந்த முதல் ப்ளூரேயில் கிரெய்ன் தூக்கலாக இருந்தது. 2010-ல் வந்த மறுபதிப்பில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாததைச் சராசரியாக்கி அழிக்கிறது. கிரெய்ன் பிரேமுக்குப் பிரேம் மாறும், உண்மை. வியர்வையின் மினுக்கமும் தோலின் நுண்துளையும் காற்றில் ஆடும் இலையும் மாறத்தானே செய்யும்? காட்டுக்குள் வியர்த்துக் கொட்டும் வீரர்களின் முகம் அந்த டிஸ்கில் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கியது நாம்தான்.

சுத்தப்பிரதி:
அண்ணே, மெழுகு முகம் யாருக்கும் வேண்டாம், அதுல சண்டையே இல்லை. ஆனா கிரெய்ன் வேணும்ங்கிறவங்க எல்லாம் "தியேட்டர்ல பார்த்த மாதிரி" வேணும்னு சொல்லிட்டு, கேமராவுல ஓடின மூல நெகட்டிவை ஸ்கேன் பண்றதைக் கொண்டாடுறீங்களே, அதுதான் இடிக்குது. தியேட்டர்ல ஓடினது நெகட்டிவ் இல்லை. நெகட்டிவ்ல இருந்து இன்டர்பாசிட்டிவ்னு ஒரு பிரதி, அதுல இருந்து இன்டர்நெகட்டிவ்னு இன்னொரு பிரதி, அதுல இருந்து தியேட்டருக்குப் போற ரிலீஸ் பிரின்ட். நாலாவது தலைமுறை. கேமராமேனும் மேக்கப்காரரும் செட் போட்டவரும் அந்த நாலாவது தலைமுறையை மனசுல வச்சுத்தான் வேலை செஞ்சாங்க. இன்னிக்கு 4கே ஸ்கேன்ல ஒட்டுமீசையோட வலை தெரியுது, பின்னாடி இருக்கிற திரைச்சீலை வெறும் பெயின்ட்னு தெரியுது. இது யார் பார்த்த படம்?

"வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்" (1953) எடுத்துக்கோங்க. செவ்வாய்க்காரங்களோட பறக்கும் இயந்திரத்தைக் கம்பியில தொங்கவிட்டு எடுத்தாங்க. அந்தக் காலத்து டெக்னிகலர் சாயப் பிரின்ட்ல, அதாவது சாயத்தை அச்சு மாதிரி பிலிம்ல ஒத்தி எடுத்த பிரதியில, கம்பி அமுங்கிப்போச்சு. பின்னால வந்த டிவிடியில கம்பி பளிச்சுன்னு தெரிஞ்சுது. 2018-ல பண்ணின 4கே மறுசீரமைப்புல கம்பியை அழிச்சாங்க, 2020-ல கிரைட்டீரியன் நிறுவனத்தோட டிஸ்க்கா வந்ததும் அதுதான். இதைத் தப்புன்னு சொல்வீங்களா? 1953-ல பார்த்தவனுக்குத் தெரியாத கம்பி எனக்கு மட்டும் ஏன் தெரியணும்?

படச்சுருள்:
கம்பி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கம்பியை அழிப்பது சில ஷாட்டுகளில், ஒரு கோட்டை மட்டும், ஆள் உட்கார்ந்து பிரேம் பிரேமாகச் செய்கிற வேலை. இரைச்சல் நீக்கம் படம் முழுக்க ஒரே அளவில் ஓடவிடும் சல்லடை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நாலாவது தலைமுறையில் கிரெய்ன் குறைந்துவிடும் என்று யாராவது நினைத்தால், அதுவும் சரியல்ல. ஒவ்வொரு பிரதிக்கும் புது பிலிம், அந்த பிலிமுக்கு அதன் சொந்த கிரெய்ன். நுண்விவரம் மங்கும், கான்ட்ராஸ்ட் ஏறும், கிரெய்ன் மேல் கிரெய்ன் சேரும்.

இதை ஒரே டிஸ்கிலேயே பார்க்கலாம். ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறும் டிஸால்வ் வரும் இடத்தை எடுங்கள். அந்தக் காலத்தில் அதை ஆப்டிகல் பிரின்டர் என்ற, பிலிமைப் பார்த்துப் பிலிமில் படமெடுக்கும் கருவியில் பிரதி எடுத்து, அந்தத் துண்டை நெகட்டிவில் ஒட்டுவார்கள். டிஸால்வுக்குச் சற்று முன்னால் இருக்கும் வெட்டில் படம் சட்டென்று மங்கும், கிரெய்ன் தடிக்கும். அடுத்த வெட்டில் மறுபடி தெளியும். இதை "டிஸ்க் கோளாறு" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிட்ரேட்:
இருவரும் என்கோடிங்கை, அதாவது படத்தைச் சுருக்கி டிஸ்கில் ஏற்றும் வேலையை, விட்டுவிட்டீர்கள். "கிரெய்ன் அசிங்கமாக இருக்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி கிரெய்ன் அல்ல, நசுங்கிப்போன கிரெய்ன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மணி நேரப் படம் 25 ஜிபி டிஸ்கில்: 200 ஜிகாபிட்டை 10,800 விநாடிகளால் வகுத்தால் 18.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்). ஒலித்தடங்களையும் கூடுதல் காட்சிகளையும் கழித்தால் படத்துக்கு 14, 15-தான் மிஞ்சும். அதே படம் 50 ஜிபி டிஸ்கில் என்றால் மொத்தம் 37. ப்ளூரே படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 40.

கிரெய்ன் எந்த ஒழுங்குக்கும் அடங்காதது என்பதால் கம்ப்ரஷனுக்கு அதைவிடப் பெரிய சுமை கிடையாது. பிட் போதாதபோது முதலில் சாவது இருட்டான மூலைகளும் வெளிர் வானமும்தான். அங்கே நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். துகள் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறி, மணல் தூவியதுபோல் இருந்தால் என்கோடிங் நன்று. சதுரம் சதுரமாகக் கட்டிபட்டால் பிட் பற்றாக்குறை. சில பிரேம்களுக்கு அப்படியே உறைந்து நின்று பிறகு குதித்தால், மென்பொருள் கை வைத்திருக்கிறது அல்லது என்கோடர் திணறியிருக்கிறது.

டிஸ்கைத் திட்டுவதற்கு முன் டிவியையும் பாருங்கள். நாய்ஸ் ரிடக்ஷனும் மோஷன் ஸ்மூத்திங்கும் அணைந்திருக்க வேண்டும். ஷார்ப்னஸ் சில டிவிகளில் 0-ல் நடுநிலை, சிலவற்றில் நடுவில். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி மெல்ல ஏற்றுங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு முளைத்ததும், அது மறையும் வரை இறக்குங்கள்.

ஒலித்தடம்:
படத்துக்கு இத்தனை பேர் வாதாடுகிறீர்கள், மோனோவுக்கு ஒருவரும் இல்லை. மோனோ என்ற ஒற்றைத் தடத்தில் வெளியான படத்துக்கு, பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த 5.1 கலவையை மட்டும் போட்டு, மூலத்தை விட்டுவிடுகிறார்கள். இடமில்லை என்ற சாக்கு செல்லாது: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ சுருக்கமே இல்லாமல் 1.15 எம்பிபிஎஸ். 2 மணி நேரத்துக்கு 1 ஜிபி சொச்சம்.

கிரெய்னுக்கு நேர்ந்ததுதான் ஒலியிலும் நேர்கிறது. பிலிம் ஓரத்தில் ஒளியால் பதிந்த பழைய ஆப்டிகல் தடத்தின் சீறலை அழுத்தித் துடைத்தால் "ஸ", "ஷ" ஒலிகளின் கூர்மையும் அறையின் எதிரொலி வாலும் சேர்ந்து போகும். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையிலான மௌனத்தைக் கேளுங்கள். கிணற்றில் விழுந்தாற்போல் அடங்கி, அடுத்த சொல்லோடு சீறல் மறுபடி எழுந்தால், அங்கே வடிகட்டி வேலை செய்கிறது.

சுத்தப்பிரதி:
மோனோ, பிட்ரேட் ரெண்டுலயும் உங்களோட நிக்கிறேன். ஆனா "மூலம்" "மூலம்"ங்கிறீங்களே, அதை யார் சொல்றது? "பிரெஞ்ச் கனெக்ஷன்" 2009 ப்ளூரேக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே உட்கார்ந்து நிறத்தை மாத்தினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாவே எதிர்த்தார். 2012-ல நிறத்தைத் திருத்தி மறுபடி விட்டாங்க. படம் எடுத்த ரெண்டு பேருக்கே ஒத்துப்போகல.

படச்சுருள்:
அதனால்தான் யாருடைய நினைவையும் மட்டும் நம்பக் கூடாது. கலர் பிரின்ட்டுகள் பல வெளிறிச் சிவந்து கிடக்கின்றன, ஆனால் டெக்னிகலர் சாயப் பிரின்ட்டின் நிறம் அப்படி மங்குவதில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நிறம் திருத்தலாம். எதை வைத்துத் திருத்தினோம், எந்தப் பிரதியை ஸ்கேன் செய்தோம் என்று டிஸ்கோடு வரும் கையேட்டில் எழுதினாலே பாதிச் சண்டை தீரும்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படத் தொகுப்பு நினைவிருக்கிறதா? 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து நெகட்டிவ்கள் கருகின. இத்தாலியின் பொலோன்யாவில் அந்தச் சுருள்களுக்கு ஈரமேற்றி இளக்கி, ஒட்டுகளைக் கையால் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். "பதேர் பாஞ்சாலி"யில் சுமார் 40 சதவீதமும் "அபராஜிதோ"வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே வந்தன. "அபுர் சன்சார்" நெகட்டிவில் ஒன்றும் தேறவில்லை. அதை மற்ற பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015 டிஸ்கில் படத்துக்குப் படம் தன்மை மாறுவது ஏன் என்பது இதைப் படித்தவருக்குப் புரியும். படிக்காதவர் நட்சத்திரம் குறைப்பார்.

சுத்தப்பிரதி:
சரி, எழுதட்டும். கம்பி மாதிரி விஷயத்துக்கு நான் இன்னொண்ணும் கேட்பேன்: கம்பி தெரியற பதிப்பு, அழிச்ச பதிப்பு ரெண்டையும் ஒரே டிஸ்க்ல குடுங்க. ஓடுற படத்துல நடுவுல வேற துண்டுக்குத் தாவுற சீம்லெஸ் பிராஞ்சிங் ப்ளூரேல இருக்கு. படத்தை ரெண்டு தடவை ஏத்த வேண்டாம், மாத்தின ஷாட் மட்டும் ரெண்டு பதிப்பு. 3 நிமிஷத்துக்கு 30 எம்பிபிஎஸ் வச்சாலும் 675 எம்பிதான் கூடுதல்.

பிட்ரேட்:
இடத்தைப் பொறுத்தவரை கணக்கு சரி. சிக்கல் பிளேயரில்: கிளை பிரியும் இடத்தில் சில பழைய பிளேயர்கள் ஒரு நொடி தயங்கும், ஒலியும் விட்டுப்போகும். கிளையை ஷாட் நடுவில் வைக்காமல், இசை இல்லாத ஒரு வெட்டில் வைத்தால் தயக்கம் கண்ணுக்குப் படாது.

படச்சுருள்:
அப்படியென்றால் எனக்கும் சம்மதம், ஒரே நிபந்தனை: மெனுவில் முதலில் நிற்பது கம்பி தெரியும் பதிப்பாக இருக்க வேண்டும்.

சுத்தப்பிரதி:
அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. 1953-ல தியேட்டர்ல கம்பி தெரியல. முதல்ல நிக்க வேண்டியது கம்பி இல்லாத பதிப்புதான்.