ஸ்ட்ரோபெரியைக் கொண்டைக்குருவி கொத்துது, வலை எப்படிப் போடுறது?

கந்தப்பளைத் தோட்டம்:
3 அடி அகலம், 40 அடி நீளத்தில் ஆறு பாத்தி ஸ்ட்ரோபெரி இருக்குது. பழம் சிவக்கத் தொடங்கினதுமே கொத்தல். பழைய கெசட் நாடா கட்டி ஒரு கிழமை தாங்கினது, இப்ப குருவி அந்த நாடாவுக்குப் பக்கத்திலேயே உட்காருது. பக்கத்துப் பாத்தியில் பட்டாணி முளையும் காணாமல் போகுது. என்ன கண் வலை, எவ்வளவு வேணும்? ஆடிக் காத்துக்கு நிக்குமா?

வெலிமடை மரக்கறி:
வலைக்குக் காசு போடுறதுக்கு முந்திப் பழத்தைத் திருப்பிப் பாருங்க. குருவி கொத்தினதென்றால் சிவந்த பக்கத்தில், மேல்பக்கமாகக் கூரான குழி இருக்கும். மண்ணில் படுற அடிப்பக்கம் குடைந்து, காய்ந்த சளி மினுங்கினால் அது நத்தை. அதுக்கு வலை உதவாது.

குருவிதான் என்றால் 20 மில்லிமீற்றர் கண் உள்ள பின்னல் வலை போதும். பூச்சி வலை போடாதீங்க, தேனீ உள்ளே வராமல் பழம் கோணலாகப் போகும். தங்கூஸ் வலையும் வேண்டாம். குருவிக்கு அந்த நூல் கண்ணில் படாது, சிக்கிச் சாகும். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி உலகத்திலேயே நம்ம இலங்கை மலைநாட்டில் மட்டும்தான் இருக்குது. அதை வலையில் சாகவிடக் கூடாது.

ஒரு பாத்திக்குக் கணக்கு: அரை அங்குல பிவிசி குழாயை 6 அடித் துண்டாக வெட்டுங்க. ஒன்றரை அடி இரும்புக் கம்பியைப் பாதிவரை மண்ணில் அடிச்சு, குழாயை வளைச்சு அதில் செருகினால் நடுவில் 2 அடிக்குக் கொஞ்சம் மேலே உயரம் வரும். 5 அடிக்கு ஒன்று, மொத்தம் 9 வளைவு. உச்சியில் நைலோன் கயிறு ஒன்று ஓடட்டும், இல்லாவிட்டால் நடுவில் வலை தொங்கி இலையில் படும். அப்புறம் குருவி மேலே உட்கார்ந்தே வலை வழியாகக் கொத்தும். வலை அகலம் 8 அடி, நீளம் 46 அடி.

இராகலை:
அண்ணன் சொன்ன அளவு சரி. ஆனால் பெரும்பாலும் பிழை வர்றது ஓரத்தில்தான். கொண்டைக்குருவி தரையோடு தத்திச் சின்ன இடைவெளியால் நுழையும், உள்ளே போனது வெளியே வரத் தெரியாமல் அடிச்சுக்கும். இரண்டு பக்கமும் மிஞ்சுற ஒவ்வொரு அடியையும் மூங்கில் கம்பில் சுருட்டிக் கல் வைங்க. மண்ணில் புதைச்சால் பழம் பறிக்கத் தூக்க முடியாது. காத்துக்கு, வலையைக் குழாயோடு இறுக்கிக் கட்டாமல் சைக்கிள் டியூப் துண்டால் கட்டுங்க. அது இழுபட்டுத் திரும்பி வரும், கயிறென்றால் கண் கிழியும். காலையில் ஒரு சுற்றுப் பாருங்க. சாரைப்பாம்பு சிக்கியிருந்தால் இழுக்காமல் வலையை வெட்டி விடுங்க.

நாடா பயனில்லை என்று இல்லை. பச்சைக் காயிலேயே கட்டினாலும், ஒரே இடத்தில் விட்டாலும் பழகிப்போகும். முதல் பழம் நிறம் மாறுற அன்று கட்டி, மூன்று நாளைக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க. பழம் முக்கால் சிவப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிங்க. கொத்துப்பட்டதைச் செடியில் விட்டால் சாம்பல் பூஞ்சை பக்கத்துப் பழத்துக்கும் போகும்.

கந்தப்பளைத் தோட்டம்:
நன்றி. பழத்தில் சளி இல்லை, குழி மேலேதான். பட்டாணிக்கு?

வெலிமடை மரக்கறி:
முளை நுனி கிள்ளுப்பட்டிருந்தால் புறா மாதிரிப் பறவை. மண்ணே கிளறிக் கிடந்தால் காட்டுக்கோழி, விடியலிலும் பொழுதுசாயவும் காட்டோரத்தால் வரும். விதையை ஒன்றரை அங்குல ஆழத்தில் போட்டு, மானாப்புல்லை மெல்லிசாக மூடுங்க. முளை தலை காட்டினதும் புல்லை எடுத்துடணும், பிந்தினால் தண்டு வெளிறி நீண்டு சாயும். எடுத்த கையோடு அதே வளைவு வலையைப் போட்டு, செடி 5 அங்குலம் வரும்வரை வைங்க. கோழிக்குப் பாத்தி மேலே குறுக்கும் நெடுக்குமாக அரையடி இடைவெளியில் குச்சி பரப்பினாலே கிளற இடமிருக்காது. கண்ணி மட்டும் வைக்காதீங்க, அது நாட்டின் தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு இருக்குது.