லூபஸ் சிறுநீரக அழற்சி: ‘இண்டக்‌ஷன்’, ‘மெயின்டனன்ஸ்’ கட்டங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

‘இண்டக்‌ஷன்’ என்னும் முதற்கட்டத் தீவிர சிகிச்சையை, நோயாளிகளுக்கு எழுதும்போது ‘தூண்டல் சிகிச்சை’ என்கிறோம். அகராதிப்படி சரி, பொருள் தலைகீழ். இங்கே எதையும் தூண்டுவதில்லை. லூபஸ் நோயில் தன் உடலையே, இங்கே சிறுநீரகத்தை, தாக்கும் எதிர்ப்பாற்றலை ஒடுக்கி, சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கிறோம். ‘தணிப்புக் கட்டம்’, நோய் திரும்பாமல் காக்கும் அடுத்த கட்டமான ‘மெயின்டனன்ஸ்’ என்பதற்குப் ‘பராமரிப்புக் கட்டம்’. சரிவருமா?

* * *

> தணிப்புக் கட்டம்

வேண்டாம் ஐயா. ‘நோய்த்தணிப்பு’ இப்போது பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது பெரும்பாலும் குணமாக்க முடியாத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் சிகிச்சைக்கு, வழங்குகிற சொல். லூபஸ் பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கு வருவது. சிகிச்சை தொடங்கும்போதே ‘தணிப்பு’ என்றால், கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘அடக்கு கட்டம்’ என்றும் யோசித்தேன். ‘அடக்கம்’ எந்த இடத்தை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘அமர்த்தல்’ எப்படி? கூச்சலையும் கொந்தளிப்பையும் அமர்த்துவது தமிழுக்குப் பழகிய வினை. நடப்பதும் அதுதான். ஸ்டீராய்டு மருந்தான மெத்தில்பிரெட்னிசொலோனை நாளுக்கு 250 முதல் 500 மி.கி. வரை, 1 முதல் 3 நாள் சிரை வழியே ஏற்றுவார்கள். பிறகு அதே வகையான பிரெட்னிசொலோன் மாத்திரை, படிப்படியாகக் குறைத்து. உடன் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மைக்கோபினொலேட் மோஃபெட்டில் நாளுக்கு 2 முதல் 3 கிராம். அல்லது யூரோ-லூபஸ் என்னும் ஐரோப்பிய ஆய்வின் குறைந்த அளவு முறைப்படி, அதே வேலையைச் செய்யும் சைக்ளோபாஸ்பமைட் 500 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 6 தவணை. சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 0.5 கிராம் புரதம் என்ற அளவுக்குக் கீழே இறங்கி, சிறுநீரகச் செயல்பாடும் நிலைப்பட்டால் அது ‘முழு அமர்நிலை’. இதற்கு 6 முதல் 12 மாதம்கூட ஆகலாம்.

* * *

‘அமர்த்து கட்டம்’ எனக்குச் சம்மதம். வேலைக்கு அமர்த்துவதோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

‘பராமரிப்பு’தான் உறுத்துகிறது. வண்டிக்குச் செய்வதுபோல, தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்ததும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் மீண்டும் கிளம்புகிறது. ஒவ்வொரு கிளர்ச்சியும் சிறுநீரகத்தில் கொஞ்சம் தழும்பை விட்டுப்போகும், அந்தத் தழும்பு மருந்துக்குத் திரும்பாது. பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து: மாத்திரை தன் வேலையைப் பார்த்ததால் ஓய்ந்துகிடக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே விழிக்காது, ரத்த அழுத்தம் சரியும். இரு கட்டமும் சேர்த்து மூன்றாண்டுக்குக் குறையாமல் மருந்து தேவை. ஆகவே ‘அமர்நிலைக் காப்பு’ என்போம். எதைக் காக்கிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

காப்பில் மைக்கோபினொலேட் 1 முதல் 2 கிராமாகக் குறையும். கருத்தரிக்க விரும்புவோர் குறைந்தது 6 வாரம் முன்பே அதை விட்டு அசதயோபிரினுக்கு மாறவேண்டும். மைக்கோபினொலேட் கருவை ஊனப்படுத்தும். அசதயோபிரின் எடுப்பவருக்கு, யூரிக் அமிலத்துக்கென்று வேறொருவர் அலோபியூரினால் என்ற மாத்திரையை எழுதிவிட்டால், ரத்த அணுக்களை ஆக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். இந்த இரண்டு எச்சரிக்கையும் பெட்டி கட்டி அச்சாக வேண்டியவை.

‘எதிர்ப்பாற்றல் ஒடுக்கி’யை மட்டும் மென்மையாக்க வேண்டாம். ‘சீராக்கி’ என்று சிலர் எழுதுகிறார்கள். சத்து மருந்து மாதிரி கேட்கிறது. ஒடுக்கி என்றால்தான், தொற்றுக்கு அஞ்சி, காய்ச்சல் கண்ட அன்றே ஓடிவருவார்கள்.

மருந்துப் பெயர்களைத் தமிழாக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். ‘அசா’ என்று எழுதினால் அசதயோபிரினுக்குப் பதில் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கைக்கு வரும்.