ஐபோன் எக்ஸ்ஆர்: நாம் குறை சொன்னோம், ஊரே வாங்கியது, ஏன்?

கேள்வி:
2018ல் எக்ஸ்ஆர் வந்தபோது எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. திரை 828 x 1792 பிக்சல்தான், ஃபுல் எச்டிகூட இல்லை, அதுவும் பழைய வகை எல்சிடி, பின்னால் ஒரே கேமரா. 749 டாலருக்கு இதை யார் வாங்குவார்கள் என்று நானும் அடித்துச் சொன்னேன். ஆனால் 2019ல் உலகிலேயே அதிகம் விற்ற ஸ்மார்ட்போன் அதுதான். எதைக் கவனிக்காமல் விட்டோம்?

பதில் 1:
பேட்டரியை. என் அக்கா நாலு வருடம் அதை வைத்திருந்தார், திரையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, சாயங்காலம் வரை சார்ஜ் நின்றால் போதும் அவருக்கு. உள்ளே இருந்த ஏ12 சிப், அதே வருடம் வந்த 999 டாலர் ஐபோன் எக்ஸ்எஸ்ஸில் இருந்த அதே சிப்.

பதில் 2:
சரி, அதற்காக விமர்சனம் தப்பாகிவிடாது. ப்ரோ அல்லாத சாதாரண ஐபோனுக்கு 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும் திரை, 2025ல் ஐபோன் 17 வரும்போதுதான் கிடைத்தது. அதைவிட மலிவான ஆண்ட்ராய்டு போன்களில் அது பல வருடமாக இருக்கிறது. விற்றால் போதும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் இதுகூட வந்திருக்காது.

பதில் 3:
ஐபோன் மினியையும் பாருங்கள். சின்ன போன் வேண்டும் என்று நம்மைப் போன்றவர்கள்தான் கேட்டோம், ஐபோன் 12லும் 13லும் மினி என்று கொடுத்தார்கள், போதிய அளவு விற்கவில்லை, 2022ல் அந்த இடத்துக்கு 6.7 அங்குல ஐபோன் 14 பிளஸ் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான், 13 மினியை விட மனசு வரவில்லை.

கேள்வி கேட்டவர்:
பேட்டரி விஷயம் புரிகிறது. அப்புறம், அந்த மினிக்கு பேட்டரி மாற்றினீர்களா?