ஈலாம் நிலவரைபடம்: கடற்கரை, ஆறுகள், அன்ஷான், சூசா–பெர்சப்பொலிஸ் வழி

திசைகாட்டி:

வணக்கம். பழைய ஈலாம் நாட்டுக்கு, அதாவது இன்றைய தென்மேற்கு ஈரானுக்கு, இரண்டு தாள்களில் வரைபடம் தயாரிக்கிறேன். ஒன்று கி.மு. 1200 வாக்கில் இருந்த நிலை. மற்றது கி.மு. 500, பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் காலம். ஏ3 தாள், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். கிழக்கு–மேற்காக 47 முதல் 53.5 பாகை வரை, தெற்கு–வடக்காக 28.5 முதல் 33.5 பாகை வரை எடுத்திருக்கிறேன்.

கேட்க வேண்டியவை:

1. இன்றைய கடற்கரையையும் ஆறுகளையும் அப்படியே வைக்கலாமா?
2. ஈலாமின் முக்கிய நகரான அன்ஷானை ஒரு பழைய வரைபடம் பக்தியாரி மலைகளுக்குள் காட்டுகிறது, இன்னொன்று ஷிராஸுக்கு வடக்கே காட்டுகிறது. எது சரி?
3. எல்லைக்கோடு எங்கே போடுவது?

ஆற்றோரம்:

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், சிக்கல் அதிகம் அங்கேதான்.

இன்றைய கரைக்கோடு இரண்டு தாளுக்குமே ஒத்துவராது. டைகிரிஸ், யூப்ரடீஸ், கர்கே, காரூன் ஆகியவை கொண்டுவந்து கொட்டிய வண்டலால் பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதி தென்கிழக்காகப் பின்வாங்கியிருக்கிறது. கி.மு. 4000 வாக்கில் கடல்நீர் சுமேரியரின் ‘ஊர்’ (Ur) என்ற நகரத்துக்கு அருகே வரை வந்திருந்தது. நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு காலத்திலும் கரை அந்த இடத்துக்கும் இன்றைய இடத்துக்கும் நடுவே எங்கோ இருந்தது. எழுத்துச் சான்றும் உண்டு. கி.மு. 694இல் அசீரிய அரசன் சென்னாசெரிப், நினிவேயில் கட்டிய கப்பல்களில் படையை ஏற்றி, வளைகுடாவைத் தாண்டி, உலாய் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஈலாமியக் கரையூர்களைத் தாக்கினான். உலாய் அப்போது கடலிலோ கடலோடு தொடர்புள்ள காயலிலோ விழுந்திருந்தால்தான் இது நடக்கும். ஆகவே கரையை ஒற்றைக் கோடாகப் போடாதீர்கள். சதுப்பும் காயலுமாக ஒரு அகலமான பட்டையைக் கோடுகோடாய் நிரப்பி, ‘உத்தேசக் கரை’ என்று எழுதுங்கள். கோடாகப் போட்டால் பார்ப்பவர் அதை அளந்து எடுத்த கரை என்றே நம்புவார்.

ஆறுகள். ஈலாமின் இன்னொரு முக்கிய நகரான சூசா இருந்த மேட்டின் மேற்கு அடிவாரத்தில் ஓடுவது சிறிய ஷாவுர் ஆறு. அதற்கு மேற்கே கர்கே, கிழக்கே டெஸ். இன்று கர்கே காரூனோடு சேர்வதில்லை, ஈராக் எல்லையில் உள்ள ஹவிசே சதுப்பில் போய் முடிகிறது. பழைய நூல்களில் குழப்பம் அதிகம். சூசா கோவாஸ்பெஸ் ஆற்றங்கரையில் இருப்பதாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். விவிலியத்தின் தானியேல் நூலில் அது உலாய். உரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கில் யூலேயஸ். இவற்றுள் எது இன்றைய கர்கே, எது பழைய கிளை ஆறு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இன்றைய பெயரை மெல்லிய எழுத்தில் போட்டு, பழைய பெயரைச் சூசாவை ஒட்டிய பகுதியில் மட்டும் கேள்விக்குறியோடு போடுவதே நேர்மை. கிரேக்க நூல்களில் வரும் பாசிடிகிரிஸ் என்பதை மட்டும் தயங்காமல் காரூன் மீது எழுதலாம்.

ஆற்று அடுக்கிலிருந்து (மென்பொருளில் ஆறு, நீர்நிலை மட்டும் உள்ள தரவு) கண்டிப்பாக நீக்க வேண்டியவை:

டெஸ் அணையின் (1963) நீர்த்தேக்கம், கர்கே அணையின் (2001) நீர்த்தேக்கம், காரூன் மீதுள்ள அணைகளின் தேக்கங்கள், பார்ஸ் பகுதியில் (ஷிராஸ் உள்ள மாகாணம்) கோர் ஆற்றின் குறுக்கே உள்ள தோருத்சன் தேக்கம். இலவசமாகக் கிடைக்கும் நீர்நிலை அடுக்குகளில் இவையெல்லாம் இயற்கை ஏரிபோலவே வந்து நிற்கும்.

ஷுஷ்தரில் காரூன் இரண்டாகப் பிரிவதும் அப்படித்தான். கிழக்குக் கிளையான கர்கர் மனிதர் வெட்டிய வாய்க்கால். ஷுஷ்தர் அணைப்பாலமும் அதைச் சார்ந்த நீர்க்கட்டுமானங்களும் கி.பி. 3ஆம் நூற்றாண்டில், சாசானிய அரசன் முதலாம் ஷாபூர் காலத்தில், பெரிய அளவில் உருவானவை. கி.மு. 1200 தாளில் கர்கருக்கு இடமே இல்லை. காரூனின் கடைசித் துண்டு ஷத் அல்-அரபில் (டைகிரிஸும் யூப்ரடீஸும் கலந்து ஓடும் ஆறு) சேர்வதும் 10ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஹஃப்பார் கால்வாயால்தான். அதையும் எடுத்துவிடுங்கள்.

சோகா சன்பீல் கோயில் நகருக்கு (பழைய பெயர் துர்-உந்தாஷ்) கர்கேயிலிருந்து சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு ஒரு கால்வாய் வந்ததாகப் பல வரைபடங்கள் காட்டுகின்றன. அது அங்கே அகழ்வு நடத்திய கிர்ஷ்மனின் கருத்து. பின்வந்த ஆய்வு அதை மறுக்கிறது, அங்குள்ள தொட்டி மழைநீர் வடிகாலுக்கானது என்கிறது. போடாமல் விடுவது நல்லது.

களிமண்பலகை:

அன்ஷான் ஷிராஸுக்கு வடக்கே, பார்ஸ் மாகாணத்தின் தல்-எ மலியான் மேடுதான். உத்தேசமாக 30.0 வடக்கு, 52.4 கிழக்கு. 1970களின் தொடக்கம் வரை அதை மத்திய ஜாக்ரோஸ் மலைகளில் (பக்தியாரி மலைகள் அதில் அடக்கம்) எங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள். மலியானில் கிடைத்த எழுத்துப் பொறித்த செங்கற்களைப் படித்த பிறகு ஐயம் தீர்ந்தது. உங்கள் பக்தியாரி வரைபடம் அதற்கு முந்தையதாக இருக்கும், அல்லது அதைப் பார்த்து வரைந்ததாக இருக்கும்.

இந்த ஓர் அடையாளம் ஈலாமின் வடிவத்தையே மாற்றிவிட்டது. சூசா 32.19 வடக்கு, 48.25 கிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து மலியான் நேர்க்கோட்டில் சுமார் 465 கி.மீ. சூசா கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள வண்டல் சமவெளி. மலியான் சுமார் 1600 மீட்டர் உயர மலைச் சமவெளி. நடுவே ஜாக்ரோஸின் மடிப்புகள், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரிசை வரிசையாக. கி.மு. 12ஆம் நூற்றாண்டு அரசர்கள் ‘அன்ஷான், சூசாவின் அரசன்’ என்று இரண்டையும் சேர்த்தே பட்டம் சூட்டிக்கொண்டது இதனால்தான். ஈலாமை, சூசா உள்ள இன்றைய குசெஸ்தான் மாகாணத்தின் அளவுக்குச் சுருக்கி வரைந்தால் நாட்டின் பாதி காணாமல் போகும்.

எல்லைக்கோடு போடாதீர்கள். எந்த ஈலாமிய அரசனின் ஆட்சி எல்லையையும் கோடாக வரையும் அளவுக்குச் சான்று இல்லை. உயர அடுக்கு ஒன்றை எடுத்து (எஸ்ஆர்டிஎம் என்ற விண்கல உயரத் தரவு போதும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ளது) 0–200, 200–1000, 1000–2000, 2000க்கு மேல் என நான்கு நிறம் கொடுங்கள். அதன்மேல் அந்தக் காலத்து ஈலாமியக் கல்வெட்டோ எழுத்துச் செங்கலோ கிடைத்த இடங்களைப் புள்ளியாக வையுங்கள். கி.மு. 1200 தாளுக்கு சூசா, சோகா சன்பீல், மலியான், புஷேர் (பழைய லியான்) நான்கும் உறுதியானவை. ஹஃப்த் தெப்பே அதற்குச் சில நூற்றாண்டு முந்தையது, வேறு குறியில் போடலாம். இசே சமவெளியின் ஆயாபீர் என்ற பெயர் பிற்கால ஈலாமியரான ஹன்னியின் கல்வெட்டில் வருவது, அதை 1200க்கு இழுக்க வேண்டாம்.

அருங்காட்சியகப் பொருள்களின் பட்டியலிலிருந்து புள்ளி எடுக்கிறீர்களென்றால் கவனம் தேவை. ஹம்முராபியின் சட்டத் தூண் சூசாவில்தான் கிடைத்தது, ஆனால் அது பாபிலோனியப் பொருள். ஈலாமிய அரசன் ஷுத்ருக்-நஹுந்தே கி.மு. 12ஆம் நூற்றாண்டில் கொள்ளையாகக் கொண்டுவந்தது. அக்காத் அரசன் நரம்-சின்னின் வெற்றித் தூணும் அப்படியே. இவற்றைப் பார்த்து ஈலாமிய ஆட்சியை மெசபொத்தேமியா முழுக்கப் பூசிவிடக் கூடாது.

இரண்டாம் தாளில் நிலைமை வேறு. கி.மு. 647 வாக்கில் அசீரிய அரசன் அசூர்பனிபால் சூசாவைச் சூறையாடினான். அன்ஷான் பக்கம் பாரசீகர் கைக்குப் போயிருந்தது. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் தன் களிமண் உருளையில் தன்னையும் முன்னோரையும் அன்ஷானின் அரசர் என்றே சொல்கிறார். ஆகவே கி.மு. 500இல் ‘ஈலாம்’ என்ற பெயர் சூசாவைச் சுற்றிய மாகாணத்துக்கு மட்டும். மேட்டுநிலம் ‘பார்சா’. பாரசீகரின் அரச நகரான பெர்சப்பொலிஸ் மலியானுக்குக் கிழக்கே 45 கி.மீ.தான், ஆனால் பெயர் வேறு.

ஆற்றோரம்:

களிமண்பலகை சொன்ன உயர அடுக்கில் ஒரு திருத்தம். 200–1000 என்று ஒரே நிறம் கொடுத்தால் மிக முக்கியமான பகுதி மங்கிவிடும். இசே போன்ற 800 மீட்டரை ஒட்டிய உள்சமவெளிகள் எல்லாம் மேய்ப்பர்கள் கோடைக்கும் குளிருக்கும் இடம் மாறும் பாதையில் உள்ளவை. 500 மீட்டரில் இன்னொரு வெட்டு வையுங்கள்.

முடிந்தால் ஆண்டு மழையளவு 250 மி.மீ. கோட்டையும் மெலிதாகப் போடுங்கள். மழையை மட்டும் நம்பிய பயிருக்கு அதுதான் ஏறக்குறைய கீழ் வரம்பு. சூசா அந்த விளிம்பை ஒட்டியிருக்கிறது. அதற்கு வடக்கே மழைப் பயிர் தேறும், தெற்கே போகப்போக வாய்க்கால் இல்லாமல் முடியாது. ஈலாமியக் குடியிருப்புகள் சூசா சமவெளியின் மேல்பாதியில் நெருங்கிக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

திசைகாட்டி:

மிக்க நன்றி. எல்லைக்கோட்டை எடுத்துவிட்டேன். இரண்டாம் தாளில் அரச சாலையைச் சூசா வழியாக பெர்சப்பொலிஸ் வரை நீட்டலாமா? தொலைவும் பயண நாளும் எழுத விரும்புகிறேன். அளவுகோலும் சொன்னால் உதவி.

மலைவழி:

ஹெரோடோட்டஸ் சொல்லும் அரச சாலை சார்திஸில் தொடங்கிச் சூசாவில் முடிகிறது. 111 தங்கல்கள், 450 பரசாங்கு (பாரசீகத் தொலைவு அளவு), அதாவது 13,500 ஸ்டேடியா (கிரேக்கத் தொலைவு அளவு). நாளுக்கு 150 ஸ்டேடியா நடந்தால் 90 நாள். இந்த எண்களை பெர்சப்பொலிஸ் வரை நீட்டிய சாலைக்கு எழுதினால் தவறு. சூசா–பெர்சப்பொலிஸ் வழி வேறு சான்றுகளால் தெரிவது, அதை வேறு நிறத்தில் போடுங்கள்.

அந்த வழியை நேர்க்கோடாக இழுக்கவே கூடாது. மலை மடிப்புகள் குறுக்கே நிற்பதால் சாலை முதலில் அடிவாரத்தை ஒட்டித் தென்கிழக்காகப் போய், பிறகுதான் ஏறுகிறது. டெஸ், காரூன் ஆறுகளைக் கடந்து, ராம்ஹொர்மோஸ், பெஹ்பஹான் பக்கம், ஃபஹ்லியான் பள்ளத்தாக்கு, அங்கிருந்து மேட்டுநிலம். ஃபஹ்லியான் ஆற்றுக்கு மேலே குராங்குன் பாறையில் ஈலாமியப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் அகாமனிசியர் (தாரியஸின் அரச மரபு) காலத் தூண் அடிப்பீடங்களும் கிடைத்திருக்கின்றன. பாரசீகருக்கு முன்பே இது நடமாட்டமுள்ள வழி என்பதற்கு இதைவிட நல்ல புள்ளிகள் கிடைக்காது.

நேர்த்தொலைவு சுமார் 510 கி.மீ. பயண நாளுக்கு நல்ல சான்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் தருவது: கி.மு. 317இல், அலெக்சாண்டருக்குப் பின் போரிட்ட தளபதிகளுள் ஒருவரான யூமெனஸின் படை பாசிடிகிரிஸ் ஆற்றிலிருந்து 24 நாளில் பெர்சப்பொலிஸ் சேர்ந்தது. முதல் பகுதி வெக்கையும் தீவனப் பஞ்சமுமான பள்ளத்தாக்கு, ஏற்றத்துக்குப் பிறகு குளிர்ந்த, நீர்வளமுள்ள மேட்டுநிலம் என்கிறார். வரைபடத்தின் உயர நிறங்களோடு இது அப்படியே பொருந்துகிறது. படையில்லாமல் போனவர்கள் இதைவிட விரைவாகப் போயிருப்பார்கள், ஆகவே ‘படைநடை 24 நாள்’ என்றே எழுதுங்கள்.

வழியில் உணவு எப்படி என்பதற்கு பெர்சப்பொலிஸ் கோட்டையில் கிடைத்த களிமண் கணக்குப் பலகைகள் இருக்கின்றன. கி.மு. 509 முதல் 493 வரையிலானவை, பெரும்பாலும் ஈலாமிய மொழியில் எழுதியவை. முத்திரையிட்ட அனுமதி ஓலையோடு போகும் ஆளுக்கு நாளொன்றுக்கு வழக்கமான அளவு 1.5 கா மாவு. ஒரு கா சற்றுக் குறைய ஒரு லிட்டர். தாளின் ஓரத்தில் சிறு பெட்டியாக இதைப் போட்டால் சாலை உயிர் பெறும்.

பருவத்தையும் குறியுங்கள். கோடையில் சூசாவின் தெருவை நண்பகலில் பாம்பும் பல்லியும்கூடக் கடக்க முடியாது, வெயிலில் பரப்பிய வாற்கோதுமை வறுபடுவதுபோல் துள்ளும், வீட்டுக் கூரையில் இரண்டு முழம் மண் போடுவார்கள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். அகாமனிசிய அரசர்கள் குளிர்காலத்தில் சூசாவிலும் கோடையில் எக்பதானாவிலும் (இன்றைய ஹமதான்) தங்கியது இதனால். எக்பதானா உங்கள் தாளுக்கு வடக்கே விழும், ஓர் அம்புக்குறி போதும்.

அளவுகோல் 1:20 லட்சம் வைத்தால் ஒரு செ.மீ.க்கு 20 கி.மீ. பரப்பு முழுவதும் சுமார் 31 × 28 செ.மீ.க்குள் அடங்கும். ஆனால் சூசா, ஹஃப்த் தெப்பே, சோகா சன்பீல் மூன்றும் 2 செ.மீ.க்குள் நெருங்கிப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தப் பகுதிக்கு மட்டும் 1:5 லட்சத்தில் உள்படம் வையுங்கள், சூசா–சோகா சன்பீல் சுமார் 6 செ.மீ. வரும். வீழல் முறைக்கு (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்கு மாற்றும் முறை) யுடிஎம் 39 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் எண் இபிஎஸ்ஜி 32639. 48 பாகைக்கு மேற்கே உள்ள துண்டு அடுத்த மண்டலத்தைச் சேர்ந்தது, ஆனாலும் இந்த அளவுகோலில் வரும் பிழை கண்ணுக்குத் தெரியாது. பாகை அளவிலேயே வைத்துத் தொலைவு அளந்தால்தான் பிழை வரும்: இந்த அகலாங்கில் கிழக்கு–மேற்கு ஒரு பாகை 95 கி.மீ. அளவுதான், 111 அல்ல.

பனையேடு:

இடையில் ஒன்று. மொழிகளுக்கு ஓர் அடுக்கு போடுவதாக இருந்தால், ஈலாமியத்தைத் திராவிடத்தோடு ஒரே நிறத்தில் காட்டலாமா?

களிமண்பலகை:

வேண்டாம். ஈலாம்–திராவிட உறவு மொழியியலாளர் மெக்ஆல்பின் 1970களிலிருந்து முன்வைத்த கருதுகோள். பெரும்பாலான மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. ஈலாமியத்தை எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழியாகத்தான் வைக்கிறார்கள். நமக்கு ஆர்வமூட்டும் கருத்து என்பதற்காகவே கூடுதல் கறாராக இருக்க வேண்டும். தனி நிறம் கொடுங்கள்.

மொழி அடுக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘முன்-ஈலாமிய’ எழுத்துப் பலகைகள் சூசா, மலியான் தொடங்கி கிழக்கே தெப்பே யஹ்யா, ஷஹர்-எ சுக்தே வரை கிடைத்திருக்கின்றன. அவை கி.மு. 3000ஐ ஒட்டியவை. பெரும்பாலும் கணக்குப் பதிவுகள், அவற்றின் மொழி இன்னும் படிக்கப்படவில்லை. அந்தப் பெயரை நம்பி ஈலாமிய மொழி ஈரானின் கிழக்கு எல்லையிலுள்ள சீஸ்தான் வரை பரவியிருந்ததாக நிறம் பூசாதீர்கள். உங்கள் இரண்டு தாளுக்கும் அவை காலத்தாலும் பொருந்தாது.