கோட்டிக்யூல் கல்லுக்கு 8000 என்று எண் போட்டது யார்?

சிரியம் மைந்தன்:
சவரக்கத்தி தீட்டுவது பற்றித் தாம்வே நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. "பெல்ஜியத்துக் கோட்டிக்யூல் வெறும் 8000 கிரிட் கல். ஜப்பானிய நானிவா 12000 கல் கையில் இருப்பவர் அதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். கிரிட் என்பது கல்லின் துகள் எவ்வளவு நுண்மையானது என்று சொல்லும் எண்; எண் கூடினால் துகள் சிறிது. ஐயா, அது ஆர்டென் மலைப் பகுதியில் வெட்டி எடுக்கிற கல். தூளைச் சலித்துத் தொழிற்சாலையில் வார்த்த கல் அல்ல. அதற்குள் இருப்பவை கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் மணிகள். 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். பல முகங்களோடு உருண்டை போல இருப்பதால் எஃகை ஆழமாகக் கீறுவதில்லை, மேலோட்டமாகத்தான் தேய்க்கும். எந்தச் சல்லடையில் சலித்து இதை 8000 என்கிறீர்கள்?

தாம்வேக்காரன்:
விற்பவர்களே 8000 என்றுதான் போடுகிறார்கள். கல்லை விற்கிறவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? நார்ட்டன் கம்பெனியின் 8000 கல்லில் முடித்த கத்தியும் கோட்டிக்யூலில் முடித்த கத்தியும் என் கன்னத்துக்கு ஒன்றுதான். ஆகவே 8000.

சிரியம் மைந்தன்:
எந்த 8000? நார்ட்டன் 8000 என்பது சுமார் 3 மைக்ரான். ஜப்பானியத் தர அளவில் 8000 என்றால் சுமார் 1.2 மைக்ரான். எண் ஒன்று, துகள் இரண்டரை மடங்கு பெரியது. இதில் எதைச் சொல்கிறீர்கள்? பதில் சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மோல்மீன் தம்பி:
அண்ணன்மார்களே, தாத்தாவின் சோலிங்கன் கத்தி மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. வாய் ஓரத்தில் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. எந்தக் கல்லில் தொடங்கலாம்?

பழைய மொகல் தெரு:
எங்கள் காலத்தில் இந்த எண் பேச்சே கிடையாது. அப்பாவின் முடிதிருத்தும் கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல், சுவரில் தொங்கும் தோல்வார், அவ்வளவுதான். கல் தேய்ந்து போன ஒரு சமயம், முகத்தில் பூசும் தனக்கா அரைக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் தீட்டியே அப்பா தொழில் செய்தார்.

சிரியம் மைந்தன்:
பெரியவர் மன்னிக்க வேண்டும். தனக்காக் கட்டையை அரைத்து எடுக்கிற சொரசொரப்பான கல்லில் சவரக்கத்தியின் வாய் அரம் போல ஆகிவிடும். அது காய்கறிக் கத்தியாக இருந்திருக்கும்.

பழைய மொகல் தெரு:
என் தகப்பனாரின் தொழிலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் கையால் சவரம் செய்துகொள்ள ரங்கூனில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். நீ கல்லைப் பெட்டியில் வைத்துப் படம் எடுக்கிறவன்.

தாம்வேக்காரன்:
பெரியவரிடம் இப்படிப் பேசுவது சரியல்ல. கோட்டிக்யூல் 8000 தான்.

இன்சீன் மணியம்:
மோல்மீன் தம்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. குழிகள் போகும்வரை 1000 கல்லில் தேய்த்து வாயின் சரிவை முதலில் சரிசெய்யுங்கள். கத்தியின் முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிந்திருக்க வேண்டும். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, சிரியத்தாரே, மெருகுக்காகப் பச்சைக் குரோமியம் ஆக்சைடு பூசிய என் தோல்வாரை வாங்கிப் போனீர்கள். திருப்பித் தரும் எண்ணம் இருக்கிறதா?

சிரியம் மைந்தன்:
தோல்வார் பத்திரமாக இருக்கிறது. ஆனால் "1000" என்று நீங்களும் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். தொழிற்சாலைக் கல்லுக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். கோட்டிக்யூலுக்குப் பொருந்தாது. அதை நனைத்துச் சிறு கல்லால் தேய்த்துக் கல்தூள் குழம்பு எழுப்பினால் கார்னெட் மணிகள் உதிர்ந்து எஃகை வேகமாக அரிக்கும். குழம்பில் நீர் கலந்து கலந்து நீர்க்கச் செய்தால் வேகம் குறையும். கடைசியில் குழம்பே இல்லாமல் ஓடும் தண்ணீரில் தீட்டினால் அதே கல் மெருகேற்றும் கல்லாகிவிடும். காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை செய்கிற கல்லுக்கு ஒரே எண்ணை ஒட்டுவது அந்தக் கல்லுக்கே அவமானம். ஒரு பாளத்திலிருந்து அடுத்த பாளத்துக்கே குணம் மாறும். கியோட்டோவில் வெட்டி எடுத்த நாகயாமா என்ற இயற்கைத் தீட்டுக்கல்லுக்கு எண் போட்டால் அங்குள்ளவர்கள் சம்மதிப்பார்களா?

தாம்வேக்காரன்:
கியோட்டோவை ஏன் இழுக்கிறீர்கள்? குழம்போடு தீட்டினால் என்ன, தண்ணீரில் தீட்டினால் என்ன, விற்கும் பக்கத்தில் 8000 என்று இருக்கிறது. நான் காசு கொடுத்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மோல்மீன் தம்பி:
மணியம் அண்ணன், 1000 முடித்த பிறகு?

பழைய மொகல் தெரு:
தம்பி, அடுத்த முறை ரங்கூன் வரும்போது கத்தியை என்னிடம் கொண்டு வா. இவர்களிடம் கேட்காதே.

இன்சீன் மணியம்:
தோல்வார் எப்போது வரும் என்றுதான் கேட்டேன்.

சிரியம் மைந்தன்:
தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வாருங்கள், கையிலேயே தருகிறேன். தாம்வே நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை: நார்ட்டன் 8000 ஆ, ஜப்பான் 8000 ஆ?

தாம்வேக்காரன்:
8000.