புதுப்பிப்பு: புல்தரையில் வெள்ளைப்புழு – எது பலன் தந்தது

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புல்தரை திட்டுத் திட்டாகக் காய்கிறது, இழுத்தால் பாய்போல் சுருண்டு வருகிறது என்று ஆடியில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

அடியில் இருந்தது வண்டின் புழுதான். பால் வெள்ளை உடல், செம்பழுப்புத் தலை, அரைவட்டமாக வளைந்து கிடந்தது.

கைகொடுத்தது பொள்ளாச்சி அண்ணன் சொன்ன மெட்டாரைசியம் பூஞ்சாணம். மட்கிய தொழுவுரத்தில் கலந்து, சாரல் ஈரம் இருக்கும்போதே மாலையில் தூவி நீர் விட்டேன். உடனே எதுவும் தெரியாது, பொறுமை வேண்டும். பிறகு கிளறிப் பார்த்தால் புழுக்கள் விறைத்துக் கிடந்தன. மேலெல்லாம் பச்சைப் பொடி பூத்திருந்தது. காய்ந்த மண்ணில் இது எடுபடாது. பூஞ்சாணக்கொல்லியையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எதிர்பாராதது வேம்பு. சித்திரையில் கோடை மழை பெய்ததும் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி, இருட்டியவுடன் மொய்த்தது வேப்பிலையை! கசப்பெல்லாம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கிளையை உலுக்கி, விழுந்தவற்றைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டோம். விளக்குப் பொறியைவிட இதில்தான் அதிகம் சிக்கின. முருங்கை வைத்திருப்பவர்கள் அதையும் உலுக்கிப் பாருங்கள்.

புதிதாகப் புல் பதிக்க வேண்டியிருந்தது வாசலோரம் மட்டும்தான்.