கடலோரத்தில் மேல்தளம் வாங்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காட்பாடி. மகளுக்குச் சென்னையில் வேலை என்பதால் திருவான்மியூர் பக்கம் பழைய அடுக்குமாடி ஒன்றில் வீடு பார்த்திருக்கிறோம். கடைசி மாடி; அதற்கு மேல் மொட்டை மாடிதான். சாயங்காலக் கடற்காற்று, தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லாத நிம்மதி, சமையலறை ஜன்னலில் ஒரு கீற்றுக் கடல். வீட்டம்மா மனத்தளவில் குடியேறியே விட்டார்.

வெயிலுக்கு நான் அஞ்சவில்லை. வேலூர்க் கத்திரியைப் பார்த்தவனுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உப்புக் காற்றுதான் கவலை. கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட். தட்டினால் பொள்ளென்று சத்தம். தரகர் "அழகுக்கு அடித்தது" என்கிறார். மூலைக்கு மட்டும் என்ன அழகோ!

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுநரின் கட்டுமானப் பொறுப்பு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குத்தான். இந்தக் கட்டடம் அதை எப்போதோ தாண்டிவிட்டது.

கடலோரத்தில் மேல்தளத்தில் வசிப்பவர்கள் சொல்லுங்கள்: மொட்டை மாடி ஒழுகினால் உங்கள் சங்கத்தில் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்களா, மேல்தளத்துக்காரர் தலையில் கட்டுகிறார்களா? கம்பியின் நிலையைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தரும் கட்டுமானப் பொறியாளரை அமர்த்த எவ்வளவு ஆகும்? பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கு (கட்டடம் நிற்கும் மனையில் நம் வீட்டுக்குச் சேரும் பாகம்) தவிர, மொட்டை மாடி உரிமை குறித்து எந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்? முன்பணம் கொடுக்கும் முன் தெரிந்தால் நல்லது.